பொருள்: ரெய்டு 5 ரீபில்ட் பாதியில நின்னது பத்தியும், அதுக்கப்புறம் உங்க சப்போர்ட் என்னை அழுத்த சொன்ன பட்டன் பத்தியும்

வணக்கம்,

உங்க நாலு பே நாஸ் பாக்ஸ் (நாலு டிஸ்க் சொருகி, நெட்வொர்க் வழியா ஃபைல் சேமிக்கற பெட்டி) வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. அதுல இருந்த நாலு 4 டிபி டிஸ்க்கும் பாக்ஸோட செட்டா நீங்களே வித்தது, வெளிய வாங்கி சொருகினது ஒண்ணு கூட கிடையாது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா உங்க சப்போர்ட்ல பேசின மூணு பேருமே எடுத்த உடனே கேட்டது "வேற கம்பெனி டிஸ்க் போட்டீங்களா"ன்னு தான்.

நான் வீடியோ எடிட் பண்றவன். ஷூட் பண்ணின ஒரிஜினல் ஃபுட்டேஜ் எல்லாம் இந்த பாக்ஸ்ல தான் இருந்துச்சு. முதல் நாள் ஆன் பண்ணினப்போ உங்க செட்டப் விசார்ட் எந்த ரெய்டு (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து டேட்டா வைக்கற முறை) வேணும்னு கூட என்கிட்ட கேக்கல, "பரிந்துரைக்கப்பட்டது"ன்னு ஒரே ஒரு பட்டன், கீழ "உங்கள் தரவு பாதுகாப்பாக உள்ளது"ன்னு பச்சை டிக். நம்பி அழுத்தினேன். அது ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனா தாங்கற வகைன்னு அப்புறமா செட்டிங்ஸ்ல போய் பாத்து தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பாக்ஸ் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சுது, மூணாவது டிஸ்க் லைட் ஆரஞ்சு கலர்ல எரியுது. சரி, இதுக்கு தானே ரெய்டுன்னு தைரியமா தான் இருந்தேன். வாரண்டியில கேட்டதும் நாலு நாள்ல மாத்து டிஸ்க் அனுப்பிட்டீங்க, அதுல எனக்கு குறை இல்ல. சொருகினதும் ரீபில்ட், அதாவது போன டிஸ்க்ல இருந்தத புது டிஸ்க்ல திரும்ப எழுதற வேலை, தானா ஆரம்பிச்சுது, ஆரம்பத்துல செகண்டுக்கு 150 எம்பி வேகம், ஏழெட்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்னு காட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அது 12 எம்பிக்கு இறங்கி அங்கேயே நின்னுருச்சு, மீதி நேரம் மூணு நாளுக்கு மேலன்னு வந்துச்சு. மறுநாள் சாயங்காலம் 31 சதவீதத்துல இருக்கும்போது திரும்ப பீப், இந்த தடவை ரெண்டாவது டிஸ்க். வால்யூமே, அதாவது நாலு டிஸ்க்கும் சேந்து ஒரே இடமா தெரியற சேமிப்பே, காணாம போச்சு.

இதுக்கு அப்புறம் நான் ஒக்காந்து படிச்சதுல தான் என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுது. உங்க இன்ஜினியர்களுக்கு இது தெரியாம இருக்காது, ஆனா உங்க சப்போர்ட்ல பேசின யாருக்கும் தெரிஞ்ச மாதிரி இல்ல, அதனால எழுதறேன். ரெய்டு 5ல நாலு டிஸ்க் இருந்தா மூணு டிஸ்க் அளவு டேட்டா, ஒரு டிஸ்க் அளவு பேரிட்டி (போனத திரும்ப கண்டுபிடிக்க உதவற கணக்கு), அந்த பேரிட்டி ஒரே டிஸ்க்ல இல்லாம நாலுலயும் மாறி மாறி உக்காந்திருக்கும். ஒரு வரிசையில மூணு டிஸ்க்ல 1, 0, 1ன்னு இருந்தா ஒண்ணோட எண்ணிக்கை ரெண்டு, இரட்டைப்படை, அதனால பேரிட்டி 0. நடுவுல இருக்கற டிஸ்க் போயிட்டா மிச்சம் இருக்கற 1, 1, 0 மூணையும் படிச்சு போனது 0ன்னு கண்டுபிடிக்கலாம். அழகான கணக்கு தான், ஆனா மிச்சம் இருக்கற மூணு டிஸ்க்கையும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு செக்டார் (டிஸ்க்ல டேட்டா எழுதற சின்ன துண்டு) விடாம படிக்க முடிஞ்சா தான் இந்த கணக்கு நடக்கும். ஒரு டிஸ்க் ஏற்கனவே போயிருக்கும்போது இன்னொன்னுல ஒரு செக்டார் படிக்க வரலைன்னா அந்த வரிசைய கணக்கு போட ஆளே இல்ல. எனக்கு நடந்தது அது தான். ரெண்டாவது டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன்னோட நிலைமைய தானே குறிச்சு வைக்கறது) பெண்டிங் செக்டார், அதாவது படிக்க வராம நிக்கற செக்டார், 8ன்னு இருக்கு, ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன்.

அந்த எட்டு செக்டார் எப்போ கெட்டுப்போச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா யாரும் பாக்கல. மாசத்துக்கு ஒரு தடவை எல்லா டிஸ்க்கையும் முழுசா படிச்சு பேரிட்டியோட ஒத்துப்பாக்கற ஸ்க்ரப்பிங் உங்க பாக்ஸ்லயே இருக்கு, மூணு மெனு உள்ள போனா இருக்கு, ஆனா நீங்க அனுப்பும்போதே அத ஆஃப் பண்ணி தான் அனுப்பறீங்க. அது ஓடியிருந்தா நாலு டிஸ்க்கும் நல்லா இருந்தப்போவே அந்த செக்டார் மாட்டியிருக்கும், மத்த மூணுல இருந்து கணக்கு போட்டு திருப்பி எழுதியிருக்கும், எனக்கு விஷயமே தெரியாம முடிஞ்சிருக்கும். பச்சை டிக் போட தெரிஞ்ச விசார்டுக்கு இத ஆன் பண்ண தெரியாதா?

அடுத்தது நீங்க அனுப்பின மாத்து டிஸ்க். என்கிட்ட இருந்த பழைய நாலும் சிஎம்ஆர் (ட்ராக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம தனித்தனியா இருக்கற வகை), நீங்க அனுப்பினது எஸ்எம்ஆர். டிஸ்க் மேலயும் போடல, அட்டைப்பெட்டி மேலயும் போடல, மாடல் நம்பர வச்சு ஸ்பெக் ஷீட்டுல தேடி தான் கண்டுபிடிச்சேன். எஸ்எம்ஆர்ல ட்ராக்குகள் கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி படுத்திருக்கும், ஒரு இடத்துல திருப்பி எழுதணும்னா பக்கத்துல இருக்கறதையும் சேத்து எழுதணும். கொஞ்சமா எழுதற வரைக்கும் அந்த டிஸ்க்கோட கேஷ் (எழுத வர்றத தற்காலிகமா வாங்கி வைக்கற இடம்) சமாளிச்சிரும், ரீபில்ட் மாதிரி நிறுத்தாம டிபி கணக்குல எழுதினா கேஷ் ரொம்பி மூச்சு வாங்க ஆரம்பிச்சிரும், அது தான் அந்த 12 எம்பி. எட்டு மணி நேரத்துல முடிய வேண்டிய வேலைய நாள் கணக்குல இழுத்து, மிச்சம் இருக்கற மூணு வயசான டிஸ்க்கையும் அவ்வளவு நேரம் ஓட விட்டது நீங்க அனுப்பின டிஸ்க் தான். சும்மா பேக்கப் போட்டு வைக்க எஸ்எம்ஆர் நல்ல டிஸ்க் தான், நான் குறை சொல்லல, ஆனா ரெய்டு ரீபில்டுக்குன்னு தெரிஞ்சே அத அனுப்பினது தப்பு.

இதெல்லாம் கூட பொறுத்துக்குவேன். எனக்கு ஆறவே ஆறாதது அதுக்கப்புறம் நடந்தது.

வால்யூம் காணாம போனதும் உங்க சப்போர்ட்டுக்கு போன் பண்ணினேன். பேசினவர் ரொம்ப மரியாதையா தான் பேசினாரு. "சார், ஸ்டோரேஜ் மெனு போங்க, புதிய வால்யூம் உருவாக்குங்க, அதே ரெய்டு 5 குடுங்க, டேட்டா திரும்ப வந்துரும்"ன்னு சொன்னாரு. நான் ரெண்டு தடவை கேட்டேன், "அழிஞ்சிராதே?"ன்னு. "இல்ல சார், அதே டிஸ்க் தானே"ன்னாரு. அழுத்தினேன். இருபது நிமிஷம் கழிச்சு உள்ள போய் பாத்தா புத்தம்புது காலி வால்யூம், 10.9 டிபி ஃப்ரீ, பின்னாடி பேரிட்டி எழுதறது ஓடிட்டே இருக்கு. கை நடுங்கிருச்சு, பிளக்க பிடுங்கினேன்.

அந்த நிமிஷத்துல அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான்: பாக்ஸ ஆஃப் பண்ணுங்க, எதையும் தொடாதீங்க. ரெண்டாவது டிஸ்க் சாகல, எட்டு செக்டார் தான் போச்சு. அத செக்டார் செக்டாரா வேற டிஸ்க்குக்கு குளோன் எடுத்து பழைய அரேய (டிஸ்க்குகள் ஒண்ணா சேந்திருந்த அந்த பழைய தொகுப்ப) கட்டாயமா சேத்து எழுப்பியிருந்தா ஒண்ணு ரெண்டு ஃபைல் போயிருக்கும், மிச்சம் வந்திருக்கும். சின்ன பிரச்சனைய பெரிய பிரச்சனையா மாத்தினது அந்த ஒரு போன் கால்.

தனியா ஒரு பேக்கப் வச்சிருக்கணும், ரெய்டு பேக்கப் ஆகாது, இது எனக்கு இப்போ தெரியும், என் பங்கு தப்ப நான் மறைக்கல. முடிச்ச வீடியோ எல்லாம் யுஎஸ்பி டிஸ்க்ல இருக்கு. ஆனா எங்கம்மா போன்ல எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல சேத்து வச்சிருந்தேன், அது அந்த பாக்ஸ்ல மட்டும் தான் இருந்துச்சு. அம்மா இப்போ இல்ல. "சாப்டியா, ஏன் போன எடுக்கல"ன்னு கேக்கற பத்து செகண்ட் மெசேஜ், பின்னாடி மழை சத்தம் கேக்கும். உங்க ஸ்கிரீன் பாதுகாப்பா இருக்குன்னு டிக் போட்டது அதுக்கும் சேத்து தான்.

எனக்கு புது பாக்ஸ் வேண்டாம், கூப்பன் வேண்டாம். நாலு டிஸ்க்கோட, வாரண்டியில நீங்க திருப்பி வாங்கிக்கிட்ட அந்த பழைய மூணாவது டிஸ்க்கையும் சேத்து டேட்டா ரெக்கவரி லேபுக்கு அனுப்பற செலவ நீங்க ஏத்துக்கணும், அந்த டிஸ்க்க இன்னும் அழிக்காம வச்சிருக்கீங்களான்னு உடனே பாத்து சொல்லணும். எஸ்எம்ஆருக்கு பதிலா சிஎம்ஆர் டிஸ்க் வேணும். அடுத்த ஃபர்ம்வேர்ல (பாக்ஸுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) ஸ்க்ரப்பிங் ஆன்ல வரணும், பச்சை டிக் இருக்கற இடத்துல "ஒரு டிஸ்க் போனா தாங்கும், ரெண்டு போனா எல்லாம் போகும், தனி பேக்கப் வைங்க"ன்னு எழுதணும். சப்போர்ட்ல இருக்கறவங்களுக்கு, வால்யூம் காணோம்னு ஒருத்தர் போன் பண்ணினா புதுசா உருவாக்க சொல்லக்கூடாதுன்னு எழுத்துல குடுக்கணும். போன் பேசின தம்பிய வேலைய விட்டு தூக்க வேண்டாம், அவருக்கு யாரும் சொல்லிக்குடுக்கல, அவ்வளவு தான்.

டிஸ்க் நாலுலயும் எந்த பேல இருந்துச்சுன்னு மார்க்கர்ல நம்பர் எழுதி கவர்ல போட்டு வச்சிருக்கேன். முதல்ல குளோன் எடுப்போம், ஒரிஜினல்ல ஒரு பைட் கூட எழுத மாட்டோம்னு லேப் கிட்ட இருந்து எழுத்துல வர்ற வரைக்கும் அத யார் கையிலயும் குடுக்க மாட்டேன். பதிலுக்காக காத்திருக்கேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்