குடிவழி ஆய்வைப் பாடமாக்குங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

வம்சாவளி பார்ப்பது ஆய்வாகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கைக்குக் கை மாறும் குடும்ப மரங்களைப் பார்த்தால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் ‘இவர் இன்னாரின் மகன்’ என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. சோதிக்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

பழைய ஜாதகம் ஒன்றில் ‘பிரபவ வருஷம், ஆவணி’ என்றிருக்கும். 1867ஆ, 1927ஆ? அறுபதாண்டுச் சுற்றில் வருஷப் பெயர் மட்டும் விடை சொல்லாது. அதிலேயே உள்ள தேதி, கிழமை, நட்சத்திரம் மூன்றையும் இரண்டு ஆண்டுப் பஞ்சாங்கத்திலும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றில்தான் மூன்றும் ஒத்துவரும். எதிலும் ஒத்துவராவிட்டால் படியெடுத்தவர் பிழையாக இருக்கலாம். அதையும் குறித்தாக வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமுள்ள நம்மிடம் இந்தச் சோதனையை விட்டால் இருவரும் ஒரே ஆளாகி, நடுவில் ஒரு தலைமுறையே காணாமல் போகும்.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் எல்லாம் உண்டு. ‘வட ஆற்காடு’ என்று கண்டதும் வேலூர்ப் பக்கம் மட்டும் தேடினால் தப்பு. 1911இல் அந்த ஜில்லாவின் சில தாலுகாக்கள் புதிய சித்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். ஊர்ப்பெயரோ எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. தாலுகாவை உறுதி செய்யாமல் ஊருக்குப் போகக் கூடாது.

மரபணுச் சோதனையும் தனியே தீர்ப்புச் சொல்லாது. அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் சராசரியாக 12.5 விழுக்காடு மரபணு ஒன்றாக இருக்கும் என்பது, முன்பு உறவுக்குள் திருமணம் நடக்காத குடும்பத்துக்கான கணக்கு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பத்தில் அந்தப் பங்கு கூடும். தூரத்துச் சொந்தம் நெருங்கிய சொந்தமாகத் தெரியும்.

முதுகலையில் இதற்கு ஒரு தாள் வையுங்கள். மாணவர் ஐந்து தலைமுறையை இன்றிலிருந்து பின்னோக்கி எழுதட்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பக்கம்: சான்று எது, சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், எங்கெங்கே தேடிக் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் உள்ள வயது உறவினர் வாய்மொழி. அதை வைத்துப் பிறந்த ஆண்டை முடிவு செய்யலாகாது. ஒரு பெரியவர் சொன்னதைப் பங்காளிகள் இருவர் எழுதி வைத்திருந்தால் அது ஒரே சான்றுதான். பிறகு, முதல் மரத்தைப் பார்க்காத இன்னொரு மாணவர் அதே சான்றுகளிலிருந்து மறுபடி எழுதட்டும். இரண்டும் வேறுபடும் இடங்களைப் புள்ளிக்கோடாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
குடிவழிப் பதிவுகளைத் தொகுப்போர்