ஆண்டறிக்கை: 3,450 மீட்டரில் திரும்பிய வருஷம்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும், குறிப்பாக ரப்பர் பால்வெட்டு முடித்துக் குளிக்கக்கூட நேரமில்லாமல் நேராகக் கூட்டத்துக்கு வந்திருக்கும் குலசேகரம் பக்கத்து உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நம் மலையேற்றச் சங்கத்தின் இந்த வருஷ நடைகளுக்கும், உச்சியைத் தொடாமல் திரும்பிய ஆல்ப்ஸ் பயணத்துக்கும் நான் நேரே வருகிறேன்.

வருஷம் முழுக்க மாதம் ஒரு நடை என்ற வழக்கம் தவறவில்லை. பெரும்பாலும் மருந்துவாழ் மலைதான், சிலமுறை சிதறால். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒருமுறையும் கால் வைக்கவில்லை. தீப்பிடிக்கும் மாதங்களில் அனுமதி கேட்கவும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிட்டு நடை நடத்தும் சங்கமாக நாம் இருக்கக் கூடாது. கயிறு பழகியது ஓர் உறுப்பினரின் சொந்தக்காரர் நிலத்தில் இருக்கும் பாறையில். அவருக்கு நன்றி. ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றிலும் ஒருநாள் பழகினோம், முப்பந்தல் காற்றாடிகள் சுற்றுகிற சுற்றில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, அப்போதுதான் கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவது எதற்கு என்று எல்லாருக்கும் புரிந்தது.

ஏப்ரல் நடையில் ஒரு தவறு நடந்தது, அதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். மருந்துவாழ் மலை அடிவாரத்துப் பொத்தையடியிலிருந்து காலை ஐந்தரைக்கு ஏறத் தொடங்கியிருக்க வேண்டும், இரண்டு பேர் வரட்டும் என்று காத்து ஏழேகாலுக்குத்தான் கிளம்பினோம். மேலே போய்ச் சேர்ந்து, நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையில் கொஞ்சம் உட்கார்ந்து, இறங்கும்போது வெயில் பாறையிலிருந்து திருப்பி அடித்தது. மூத்த உறுப்பினர் ஒருவருக்குத் தலை சுற்றி, வேர்ப்பது நின்றுபோய், பேச்சு குழறியது. நிழலில் படுக்கவைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தோம். கையில் மிச்சமிருந்த தண்ணீர் ஒன்றரை லிட்டர், அவ்வளவுதான். அவர் தேறிவிட்டார், ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தார். காத்திருக்கலாம் என்று முடிவெடுத்தது நான். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும் முன்பே பேசி வைக்காததும் நான்தான்.

சரி, இனி எல்லாரும் கேட்கக் காத்திருக்கும் ஆல்ப்ஸ் பயணம்.

மூன்று வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் ஐந்து பேர் போவதாக இருந்தது. ஒருவருக்கு விசா கிடைக்கவில்லை, அவருடைய தயாரிப்பு எங்கள் எல்லாரையும்விட நன்றாக இருந்தது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. போனது நான்கு பேர்: அங்கே நர்ஸ் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் அக்கா (முன்பதிவு, மொழி எல்லாமே அவர் பொறுப்பு), பால்வெட்டும் அண்ணன், குளச்சல் பக்கத்து மீனவத் தம்பி, நான். இடம் ஆஸ்திரியா–இத்தாலி எல்லையில் சிமிலாவுன் சிகரம், 3,606 மீட்டர். நடை தொடங்கும் ஊர் வென்ட், 1,895 மீட்டர். முதல் ராத்திரி 2,501 மீட்டரில் மார்ட்டின் புஷ் குடில், மறுநாள் 3,019 மீட்டரில் சிமிலாவுன் குடில். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான், அதாவது அந்தக் குடிலில் சாப்பிட உட்காரும் பெஞ்சே நம்முடைய எந்த மலையையும்விட உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் ஒரே நாளில் ஏறாமல் இரண்டு நாளாகப் பிரித்துப் போனோம், அப்படியும் எனக்கு முதல் சாயங்காலம் முழுக்கத் தலைவலி.

குடில் என்று சொன்னாலும் அது கல்லால் கட்டிய பெரிய வீடு. உள்ளே நுழைந்ததும் பூட்ஸைக் கழற்றி வாசல் அறையில் வைத்துவிட வேண்டும், பனிக்கோடரியும் காலில் மாட்டும் முள் சட்டமும் அங்கேயே. படுக்கை வரிசையாக, ஆள் பக்கத்தில் ஆள். கம்பளி அவர்கள் தருவார்கள், உள்ளே விரிக்கும் துணிப்பை நம்முடையதாக இருக்க வேண்டும். ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. நம் குப்பையை நாமே கீழே சுமந்து வர வேண்டும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அங்கே இருந்த நோட்டுதான். வருகிறவர்கள் எல்லாரும் அதில் பெயர், எங்கிருந்து வந்தோம், நாளை எங்கே போகிறோம் என்று எழுதுகிறார்கள். ஒருவர் வந்து சேரவில்லை என்றால் எங்கே தேடுவது என்று அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குவார்கள்.

விடியும் முன் எழுந்து கிளம்புவதற்குக் காரணம் பனி. நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம். வானம் தெளிந்த ராத்திரியில்தான் அது விழும், மூடாப்பு போட்டிருந்தால் விழாது, இது நம் எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் அதே கணக்குதான். வானம் தெளிவாக இருந்தால் தரையின் சூடு மேலே போய்விடும், பகலில் இளகிய பனி ராத்திரியில் கல்லாக இறுகும். மேகம் மூடியிருந்தால் சூடு போகாது, பனியும் இறுகாது. பனியாற்றில், அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டிப் பரப்பில், ஆழமான பிளவுகள் இருக்கின்றன, அவற்றின் மேல் பனி பாலம் மாதிரி மூடிக் கிடக்கும், மேலே நடப்பவருக்குத் தெரியாது. இறுகிய பாலம் ஆளைத் தாங்கும், இளகியது தாங்காது. வெயில் ஏறினால் கல்லும் உருளத் தொடங்கும், மதியத்துக்கு மேல் இடியும் வரலாம். அதனால் விடிவதற்குள் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். பால்வெட்டும் அண்ணனுக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்று இருட்டோடு நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டு போகிறவர் அவர். நாங்கள் கண்ணைத் திறக்கும்போது அவர் பையைக் கட்டி முடித்திருந்தார்.

கிளம்பும் முன் எங்கள் வழிகாட்டி (உரிமம் பெற்றவர், அந்தப் பக்கத்துப் பெண்) ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: எட்டரைக்கு எங்கே நின்றாலும் திரும்புகிறோம், சம்மதமா? நான்கு பேரும் தலையாட்டினோம். ஐந்து பேரும் ஒரே கயிற்றில், ஆளுக்கு ஆள் எட்டு மீட்டர் இடைவெளி, கயிறு தொங்கவும் கூடாது, முன்னால் போகிறவரை இழுக்கவும் கூடாது. அந்த ராத்திரி மேகம் விலகவே இல்லை. வழிகாட்டி நடந்துகொண்டே பனிக்கோடரியின் தண்டைப் பனியில் குத்திக் குத்திப் பார்த்தார், முதலில் ஒரு சாண் இறங்கியது, மேலே போகப் போகக் கோடரியின் தலை வரைக்கும் இறங்கியது.

சுமார் 3,450 மீட்டரில், மூன்றாவதாக நடந்த தம்பியின் வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. சத்தமே இல்லை. என் இடுப்பில் கயிறு விண்ணென்று இறுகியது, அவ்வளவுதான் தெரிந்தது. பழகியபடியே நான் முள்ளை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன், முன்னால் அக்காவும் அப்படியே. தம்பி கோடரியைக் குறுக்கே போட்டு வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தான். கால் போன ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன் என்கிறான், கொஞ்ச தூரம் நீலம், அதற்குக் கீழே கறுப்பு.

அப்போது மணி ஏழேகால். எட்டரை ஆக இன்னும் நேரம் இருந்தது. மேகம் கொஞ்சம் விலகி உச்சியும் தெரிந்தது, இன்னும் 150 மீட்டர் உயரம்தான். வழிகாட்டி எங்கள் முகத்தைப் பார்த்தார். தம்பிதான் முதலில் பேசினான்: “கடல் மாறினா கரைக்குத் திரும்பணும்ணே, மீனு நாளைக்கும் கெடக்கும்.” 2017 நவம்பரில் ஓகிப் புயலில் சொந்தக்காரர்களை இழந்த ஊர்க்காரன் அவன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பினோம். மதியம் குடிலில் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது இடி இறங்கியது.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது, ஆனால் உச்சிக்கு ஏற நாங்கள் வைத்திருந்த நாள் முடிந்துவிட்டது. பாறை வழியாகத் தீசன்யோக் கணவாய்க்கு நடந்து போனோம், 3,210 மீட்டர். 1991 செப்டம்பர் 19 அன்று பனிக்குள்ளிருந்து 5,000 வருஷத்துக்கு முந்தைய மனிதன் ஒருவனின் உடல் கிடைத்த இடம் அது. ஏட்ஸி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செம்புக் கோடரி, புல் திணித்த செருப்பு, கரடித்தோல் தொப்பி, எல்லாம் அவனோடு கிடைத்தன. இடது தோளில் ஓர் அம்பு முனையும் இருந்தது. அங்கே நிறுத்தியிருக்கும் கல் கோபுரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் கருப்பட்டியும் ஏத்தங்காய் சிப்ஸும் சாப்பிட்டோம். குடில் இருக்கும் கணவாய் வழியாகவும் ஆட்டுப்பாதை ஒன்று போகிறது, தெற்குப் பள்ளத்தாக்கு மேய்ப்பர்கள் ஜூனில் மந்தையைப் பனி தாண்டி ஓட்டிவந்து செப்டம்பரில் திரும்ப ஓட்டிப் போகிறார்கள். கிடை போடுகிற நம் ஊர்க் கோனார்களிடம் இதைச் சொன்னால் ராத்திரி முழுக்கக் கேட்பார்கள்.

ஊர் வந்தபின் பலர் கேட்டார்கள், இவ்வளவு செலவு செய்து போய் உச்சியைத் தொடாமலா வந்தீர்கள் என்று. சங்கத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்கு என் பதில்: தொடவில்லை, ஆனால் நான்கு பேரும் பத்திரமாக இருக்கிறோம், மூன்று பேர் இதோ இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம், அக்கா மட்டும் அங்கே டூட்டியில். 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மோலாடாவில் கடும் வெப்பத்துக்கு நடுவே பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து விழுந்து 11 பேர் செத்தார்கள். கோடை சூடு கூடக் கூட அந்த மலைகளின் பனி நம்ப முடியாததாகி வருகிறது. ஏப்ரலில் பொத்தையடியில் நான் பார்க்கத் தவறிய கடிகாரத்தை அங்கே நான்கு பேரும் பார்த்தோம், இதைத்தான் இந்த வருஷத்தின் சாதனையாக நான் பதிவு செய்கிறேன்.

இனி கூட்டம் முடிவெடுக்க வேண்டியவை. குடிலில் பார்த்த மாதிரி ஒரு நோட்டு நமக்கும் வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் முன்னால் வழி, ஆட்கள், திரும்பும் மணி மூன்றையும் எழுதி, நடைக்கு வராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எழுதிய மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் அவர் ஆளைக் கூட்டுவார். மார்ச் முதல் மே வரை ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், காலை ஐந்தரைக்கு மேல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆளுக்கொரு விசில்: உதவி வேண்டுமென்றால் ஒரு நிமிஷத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு, கேட்டவர் நிமிஷத்துக்கு மூன்று முறை பதில் ஊத வேண்டும். ஆல்ப்ஸில் இதுதான் வழக்கம், வேளிமலையிலும் காது கேட்கும். பழைய நீலக் கயிற்றின் உறை பாறையில் உரசிப் பிரிந்துவிட்டது, அதை இனி யாரும் இடுப்பில் கட்டக் கூடாது, வெட்டிப் போடுவதற்குச் சம்மதம் தாருங்கள். விசா கிடைக்காத உறுப்பினரின் சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது, அடுத்த முறை முதல் இடம் அவருக்கு.

நோட்டை வாங்கிக் கொண்டுவந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு நடைக்கு வருகிறவர்கள் போவதற்கு முன் அதில் பெயர் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்