கோப்பை இல்லாத அலமாரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னதிலேயே மனது நிற்கிறது. உங்கள் கால்பந்து கிளப்பின் வரலாற்றை எழுதும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு கோப்பைகூட ஜெயிக்காத கிராமத்து டீமுக்கு என்னப்பா வரலாறு? ரெண்டு பக்கம் தாண்டாது" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

மில்ஃபோர்டு எவர்டன் என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? அயர்லாந்தில் ஆர்மா நகருக்குப் பக்கத்தில் மில்ஃபோர்டு என்று ஒரு சின்ன கிராமம், லினன் ஆலை ஒன்றை நம்பிப் பிழைத்த ஊர். அந்த ஊர் டீம் அது. 1890-91இல் ஐரிஷ் லீக் முதன்முதலாகத் தொடங்கியபோது எட்டு அணிகள் சேர்ந்தன. ஏழும் பெல்ஃபாஸ்ட் அணிகள். எட்டாவது இந்தக் கிராமத்துப் பையன்கள். 14 ஆட்டம் ஆடி, பதினான்கிலும் தோற்றார்கள். போட்ட கோல் 10, வாங்கிய கோல் 62.

அந்த டீமின் கோல்கீப்பர் வில்லியம் மெக்ரம், ஆலை முதலாளியின் மகன். அந்தக் காலத்தில் கோல் விழப்போகும் நேரம் பார்த்து ஒருவன் காலை வாரிவிட்டாலும், கையால் பந்தைத் தட்டிவிட்டாலும், கிடைப்பது வெறும் ஃப்ரீ கிக். எதிரணி மொத்தமும் கோல் வாசலில் வந்து அடைத்துக்கொண்டு நிற்கும். தப்புச் செய்தவனுக்குத்தான் லாபம். மெக்ரமுக்கு இது பொறுக்கவில்லை. அடிப்பவன் ஒருவன், தடுப்பவன் ஒருவன், மற்ற எல்லோரும் விலகி நிற்கட்டும் என்றார். ஆமாம், பெனால்டி கிக்தான். அது ஒரு கிராமத்து அமெச்சூர் கீப்பரின் தலையில் உதித்தது.

1890இல் அயர்லாந்து கால்பந்துச் சங்கம் இதை விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியத்திடம் கொண்டுபோனது. பலருக்குக் கோபம். கனவான்கள் வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடுவார்களா, இப்படி ஒரு விதியே அவமானம் என்றார்கள். அப்படியே கிடப்பில் கிடந்தது. 1891 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் காலிறுதியில் நாட்ஸ் கவுண்டி அணிக்கும் ஸ்டோக் அணிக்கும் ஆட்டம். கோலுக்குள் போக இருந்த பந்தை நாட்ஸ் கவுண்டி வீரர் ஒருவர் கையால் தடுத்துவிட்டார். ஸ்டோக்குக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கைப் பந்துக்கு நேர் முன்னால் வந்து நின்ற கீப்பர் அமுக்கிவிட்டார். ஸ்டோக் 1-0 என்று தோற்றது. அப்புறம் வாதாட ஒன்றுமில்லை. 1891 ஜூன் 2ஆம் தேதி கிளாஸ்கோவில் விதி நிறைவேறியது.

நானும் கீப்பராக நின்றவன். அதனால் இந்தக் கதை எனக்கு அடிவயிற்றில் தைக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர். இரண்டு கையையும் எவ்வளவு விரித்தாலும் இரண்டு பக்கமும் வெறும் வெளிதான். பெனால்டியில் அங்கே தனியாக நிற்கப்போவது கீப்பர் என்று மெக்ரமுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கேட்டார். ஆட்டம் நேர்மையாக இருக்கவேண்டும் என்று தன் கஷ்டத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்ட மனுஷன். அவரை நான் அவ்வளவு மதிக்கிறேன்.

இப்போது சொல், மில்ஃபோர்டின் வரலாற்றை ரெண்டு பக்கத்தில் முடித்துவிட முடியுமா?

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் எங்கள் கிளப்பில் மூன்று வருஷம் செயலாளராக இருந்தேன். தடித்த அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். பதினோரு பெயர், சந்தா கொடுத்தவனுக்கு நேரே ஒரு டிக், கொடுக்காதவனுக்கு நேரே ஒரு புள்ளி. ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: "பந்துக்கு மறுபடி ஒட்டு போட்டாச்சு. காத்து நிற்கிறது." வீடு மாறும்போது அந்த நோட்டு இருந்த பெட்டியை மழையில் திண்ணையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் எல்லாப் பெயரும் நீலமாகக் கரைந்து ஒன்றாகியிருந்தது. இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

இங்கிலாந்தில் 1857இல் தொடங்கிய ஷெஃபீல்டு கால்பந்து கிளப், தன் ஆட்ட விதிகளைக் கையால் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருந்தது. 2011இல் அதுவும் கூட இருந்த பழைய ஏடுகளும் ஏலத்தில் 8,81,250 பவுண்டுக்குப் போயின. பணத்துக்காகச் சொல்லவில்லை. நூற்றைம்பது வருஷம் ஒரு தாளை யாரோ கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றியிருக்கிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

அதனால் நீ முதலில் ஸ்கோரைத் தேடாதே. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டது யார், வலை கிழிந்தால் தைத்தது யார், பதினோராவது ஆள் வராத அன்று யாரைக் கூப்பிட்டு இறக்கினார்கள் என்று கேள். ஜெர்சி துவைத்த பெண்களின் பெயரையும் கேள். பழைய நோட்டில் பெண்கள் பெயர் இல்லையென்றால், அவர்கள் இல்லவே இல்லை என்று எழுதிவிடாதே. இங்கிலாந்தில் 1920 டிசம்பரில் பெண்கள் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்க்க ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த வருஷமே, பெண்கள் ஆட மைதானம் தரக்கூடாது என்று கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளுக்கு உத்தரவு போட்டது. ஐம்பது வருஷம் அப்படியே இருந்தது.

உங்கள் கிளப்பின் முதல் டீமில் ஆடிய பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம் என்றாயே. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடு. தள்ளிப்போடாதே. போனில் பதிவு செய்தாலும் கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். பழைய போட்டோ ஏதாவது இருந்தால் அவர் மடியில் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகத்தையும் தொட்டுக் காட்டி, பெயர் கேள். கீப்பர் யாரென்று தெரிந்ததும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா