பள்ளிப் பரிசோதனையில் நெஞ்சையும் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கண், பல், எடை, உயரம் எல்லாம் பார்க்கிறார்கள்; சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைப் பார்ப்பது அரிது. வடசென்னைப் பள்ளிகளில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராக இருந்த எனக்கு இது சிறிய விடுபடலாகத் தோன்றவில்லை.

மார்பெலும்பு உள்வாங்கி நெஞ்சு குழிந்திருப்பது ஒரு வகை. புறா நெஞ்சு போல முன்தள்ளியிருப்பது இன்னொரு வகை. குழிந்த நெஞ்சு ஏறத்தாழ 300 முதல் 400 குழந்தைகளில் ஒருவருக்கு, அதுவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, காணப்படுகிறது. உயரம் மளமளவென்று கூடும் பருவத்தில்தான் பள்ளம் ஆழமாகிறது. அந்த வயதுப் பிள்ளையோ அதை வீட்டிலும் காட்டாது. வியாசர்பாடி மைதானத்தில் மற்ற பையன்கள் பனியனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தாடும்போது, ஒருவன் மட்டும் வியர்வையில் நனைந்த பனியன் நெஞ்சோடு ஒட்டிவிடாதபடி விரலால் முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டே ஓடுவான். ‘வளர வளரச் சரியாயிடும்’ என்ற பெற்றோரின் ஆறுதல் இதில் பெரும்பாலும் பலிப்பதில்லை.

முன்தள்ளிய நெஞ்சோடு வருபவர்களில் பலருக்கு, எலும்புக்கூடு இளக்கமாக இருக்கும் வயதிலேயே வந்துவிட்டால், நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தும் பட்டையை மாதக்கணக்கில் அணிவதே போதும். கத்தி வைக்கத் தேவையில்லை. குழிந்த நெஞ்சுக்கு, சி.டி. ஸ்கேனில் மார்பின் உள்அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்துப் பார்க்கிறார்கள். இயல்பாக 2.5 அளவில் இருக்கும் இந்த ஹாலர் குறியீடு 3.25-ஐத் தாண்டினால், இதயமும் நுரையீரலும் நெருக்கப்படுகின்றனவா என்று எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) முதலிய சோதனைகளையும் செய்து, அதன் பிறகே அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். 1949-இல் ராவிட்ச் என்ற அறுவை மருத்துவர் வெளியிட்ட முறையில் மார்பைத் திறந்து, உருமாறிய குருத்தெலும்புகளை வெட்டியெடுக்க வேண்டும். அமெரிக்காவில் டொனால்டு நஸ் என்ற அறுவை மருத்துவர் 1987-இல் தொடங்கிய முறையிலோ, விலாவின் இரு பக்கத்துச் சிறு கீறல்கள் வழியே வளைந்த உலோகப் பட்டையைச் செலுத்தித் திருப்பிவிட, மார்பெலும்பு மேலெழுகிறது. இன்று கேமராவில் பார்த்தபடியே இதைச் செய்கிறார்கள். முதல் சில நாள்களின் வலி கடுமையானது என்பதையும் சொல்ல வேண்டும். இலேசான பள்ளத்துக்கெல்லாம் இதற்குக் கிளம்பிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

2013 முதல் நடைபெறும் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் நடமாடும் குழுவில் ஆண் மருத்துவர் ஒருவரும் பெண் மருத்துவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் பள்ளிக்கு வரும்போது, ஒரு திரையைக் கட்டி, ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சையும் முதுகையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஐயத்துக்குரியவர்களை ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அனுப்பலாம்.

இன்னொன்று: நஸ் முறையில் வைத்த பட்டையை 2 அல்லது 3 ஆண்டுகளில் மறுபடியும் அறுவை செய்து எடுத்தாக வேண்டும். வாடகை வீடும் கைப்பேசி எண்ணும் அடிக்கடி மாறும் காசிமேடு, கொருக்குப்பேட்டைக் குடும்பங்களில் இது எளிதில் விட்டுப்போகும். ஆகவே எடுக்க வேண்டிய மாதத்தைக் கொட்டை எழுத்தில் குறித்த அட்டையைப் பெற்றோரிடம் கொடுப்பதோடு, அவர்களின் ஒப்புதலோடு பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் ஒரு நகலை அனுப்பிவைக்குமாறு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81