இழைப்பு மெஷின் வாங்கிய மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அரை மணி நேரம் பேசினாய். உன் குரல் கேட்டது. சந்தோஷமாக இருக்கிறாய் என்பதும் குரலிலேயே தெரிந்தது. ஆனால் என்ன சொன்னாய் என்பது எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. கோயம்புத்தூரில் ஷெட் பிடித்திருக்கிறாய், பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கிற பழைய 13 இஞ்ச் திக்னஸ் பிளேனர் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாய் என்று அம்மாதான் பிறகு சொன்னாள். போனில் என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரம் ஒதுக்கி, மெஷின் ஓடாத வேளையில் படி.

நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டு முறை பார்த்தேன். மெஷின் நல்ல மெஷின். வார்ப்பிரும்பு பெட், கனமான தூண்கள், ஆட்டம் இல்லாமல் நிற்கிறது. கொடுத்த பணம் வீண் இல்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பலகையை உள்ளே விட்டுவிட்டு, அதற்கு நேர் பின்னால் குனிந்து, மெஷினின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறாய். இனி ஒரு நாளும் அப்படிப் பார்க்காதே, அம்மா.

பலகை போகும் திசைக்கு எதிராகத்தான் கட்டர் பிளாக், அதாவது பிளேடு மாட்டிய உருளை, சுற்றுகிறது. ரோலர் பலகையை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, பிளேடு அதை உன் பக்கமே திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கிறது. ரோலரின் பிடி ஒரு கணம் நழுவினால் பலகை உன்னை நோக்கித்தான் வரும். எனக்கு 26 வயதில், நான் அப்போது வேலை பார்த்த பட்டறையில், அவசரத்துக்கு இரண்டு ரீப்பர் கட்டையை ஒன்றாகச் சேர்த்து விட்டோம். ஒன்று மற்றதைவிட இரண்டு மில்லிமீட்டர் மெல்லிசு. ரோலர் தடித்ததன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மெல்லிசைப் பிடிக்க ஆளில்லை. பிளேடு தொட்டதுதான் தாமதம், அது அம்பு மாதிரி வந்து பின்சுவரில் மோதிப் பிளந்தது. என் இடுப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். அந்த ரீப்பர் சுவரில் போட்ட பள்ளத்தை அதன் பிறகு தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

ஆகவே எப்போதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நில். உன் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பலகைதான் போக வேண்டும். மெஷினின் முன்வாயில் வரிசையாக இரும்புப் பற்கள் தொங்குகின்றனவே, அவை பலகை திரும்பி வராமல் கவ்விப் பிடிப்பதற்கு. கரண்டை எடுத்துவிட்டு அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தூக்கி விட்டுப் பார். தானாகக் கீழே விழ வேண்டும். பிசினும் தூளும் சேர்ந்தால் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அப்படி நின்றால் இருந்தும் பிரயோஜனமில்லை. வாரம் ஒரு முறையாவது பார்த்துவிடு.

இரண்டாவது, கை. பலகை நுழையும்போது அதன் அடியில் விரல் வைக்காதே. வளைந்த பலகையை ரோலர் பிடித்ததும் டப்பென்று பெட்டோடு அழுத்தும். நடுவில் அகப்பட்டால் விரல் நசுங்கும். என் இடது கை நடுவிரல் நகம் கோணலாக இருப்பதன் காரணம் அதுதான். சின்ன வயதில் நீ கேட்டாய், கதவில் மாட்டியது என்று சொல்லி வைத்தேன். துப்பட்டா, வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் பட்டறைக்குள் வேண்டாம். பின்னலை மடித்துக் கட்டிக்கொள். கிளவுஸ் போடாதே. கை பத்திரம் என்று நினைத்துப் போடுவார்கள், சுற்றுகிற மெஷினில் துணி சிக்கினால் அது கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

குட்டைப் பலகை விடுகிற ஆசையும் வரும். முன் ரோலர் விடுவதற்குள் பின் ரோலர் பிடித்தாக வேண்டும். அந்த இடைவெளியைவிடக் குட்டையான துண்டு நடுவில் அநாதையாகி பிளேடுக்குக் கீழே கரணம் போடும். உன் மெஷினுக்கு ஓர் அடிக்குக் குறைவாக எதையும் விடாதே. சின்னத் துண்டுகள் வேண்டுமென்றால் நீளமாக இழைத்துவிட்டுப் பிறகு அறுத்துக்கொள்.

வீடியோவில் ஒரே தடவையில் மூன்று மில்லி எடுக்கிறாய் போலிருக்கிறது. சுருள் விழும் கனத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தேக்குக்கு ஒரு மில்லி போதும். அகலப் பலகை என்றால் இன்னும் குறை. கடைசி ஓட்டத்துக்கு அரை மில்லி. கணக்காகப் பார். கட்டர் நிமிடத்துக்கு 5,000 சுற்று, பிளேடு மூன்று என்று வை. நிமிடத்துக்கு 15,000 வெட்டு. அந்த நிமிடத்தில் பலகை ஏழு மீட்டர் நகர்ந்தால், ஒரு மில்லிக்கு இரண்டு வெட்டு விழும். அவ்வளவு நெருக்கமாக வெட்டுகிற மெஷினை ஆழமாகக் கடிக்க வைத்தால் அது மரத்தைக் கிழிக்கத்தான் செய்யும், நீ மிச்சம் பிடித்த நேரம் உப்புத்தாள் தேய்ப்பதில் போய்விடும்.

மர ரேகை பார்க்க உனக்கு இழைப்புளியில் சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா? அதுவேதான் இங்கும். கட்டர், முதலில் நுழையும் முனையில் தொடங்கி உன் பக்கமாக இழைத்துக்கொண்டு வருகிறது. பலகையின் பக்கவாட்டைப் பார். முன்னால் நுழையும் முனையில் ரேகை கீழே கிடந்து, உன் பக்கம் வர வர மேலே ஏற வேண்டும். மாறி இருந்தால் பலகையைத் திருப்பிப் போடு. மாற்றி விட்டால் செதில் செதிலாகப் பிய்ந்து வரும்.

நீ பெருமையாகக் காட்டிய அந்த வளைந்த பலகை, மெஷினிலிருந்து வந்த பிறகும் வளைந்துதான் இருக்கிறது. கவனித்தாயா? இந்த மெஷின் கனத்தைச் சமமாக்கும், வளைவை எடுக்காது. ரோலர் அழுத்தும்போது பலகை நேராகும், வெளியே வந்ததும் பழையபடி வளைந்துகொள்ளும். முதலில் ஒரு முகத்தைச் சர்ஃபேஸ் பிளேனரிலோ, இல்லாவிட்டால் கை இழைப்புளியிலோ மட்டமாக்கி, அந்த முகத்தைக் கீழே வைத்து விடு. இரண்டுக்கும் வசதி இல்லையென்றால், கனமான நேரான பிளைவுட்டின் மேல் பலகையை வைத்து, எங்கெங்கே ஆடுகிறதோ அங்கே மெல்லிய ஆப்பு கொடுத்து ஒட்டி, முன்னால் ஒரு தடுப்புக் கட்டை அடித்து, பிளைவுட்டோடு சேர்த்து விடு. முனையில் இரண்டு மூன்று இஞ்சுக்குப் பள்ளம் விழுகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஒரு ரோலர் மட்டும் பிடித்திருக்கும் நேரத்தில் பலகை தன் பாரத்தில் தொங்கி, மறுமுனை பிளேடுக்குள் எகிறுவதால் வருவது அது. நுழையும்போது உன் பக்க முனையையும், வெளியேறும்போது அந்தப் பக்க முனையையும் லேசாகத் தூக்கிப் பிடி. இரண்டு பக்கமும் மூன்று இஞ்ச் கூடுதலாக வைத்து, கடைசியில் வெட்டி எறி.

காரைக்குடியிலிருந்து பழைய வீட்டு மரம் எடுக்கப் போகிறாய் என்றும் அம்மா சொன்னாள். பழைய சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் அலைந்து பர்மா தேக்கு வாங்குவாய், எனக்கும் அந்த மரத்தைத் தொட ஆசைதான். ஆனால் அந்த உத்தரங்களில் தலை ஒடிந்த ஆணி இருக்கும், இடுக்கில் சுண்ணாம்பும் மணலும் இருக்கும். கம்பி பிரஷ் போட்டு நன்றாகத் தேய். காந்தம் இரும்பைத்தான் காட்டும், பித்தளைத் திருகாணி அதில் மாட்டாது. மெட்டல் டிடெக்டர் கைக்கடக்கமாக விற்கிறது, வாங்கு. பழைய பெயின்ட் அடித்த மரத்தை மெஷினில் விடவே விடாதே. இந்த நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, தாண்டக் கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தூளாக்கினால் அது உன் மூச்சில்தான் போகும். வெறும் மரத்தூளே புற்றுநோய் தரும் பொருள்களில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லிவிட்டது. தூள் இழுக்கும் குழாயை மாட்டு. மாஸ்க்கும் போடு. குழாய் அடைத்தால் மெஷினை நிறுத்தி, கட்டர் முழுவதும் நின்ற பிறகு கை விடு. சுவிட்சை அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றும்.

கரண்ட் விஷயம். மெஷினை இடம் மாற்றி த்ரீ பேஸ் கொடுத்தால், இரண்டு வயர் மாறினாலே மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மரம் இல்லாமல் ஒரு நொடி தட்டிவிட்டு, அம்புக்குறிப்படி சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை. வெறும் சுவிட்சில் ஓட்டாதே, ஸ்டார்ட்டர் போடு. கரண்ட் போய் வந்தால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்து நிற்கும், பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் திரும்ப ஓடும். வெறும் சுவிட்ச் என்றால், நீ உள்ளே கை விட்டுச் சுருளை எடுக்கும்போது கரண்ட் வந்து தொலைக்கும். ஒரு பேஸ் போனால் மோட்டார் உறுமிக்கொண்டே எரிந்துவிடும், அதற்கும் ஒரு காப்பு போடச் சொல்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. பெட்டில் மெழுகு தேய்த்துத் துடைத்து வை, பலகை வழுக்கிக்கொண்டு போகும். சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம், மரத்தில் ஒட்டிப் பிறகு பாலிஷ் பிடிக்காது. பல் வெட்டிய இரும்பு ரோலரில் சேரும் பிசினை மண்ணெண்ணெய் தொட்டுப் பிரஷ் போடு. ரப்பர் ரோலர் என்றால் சோப்புத் தண்ணீர் மட்டும், தின்னர் பட்டால் ரப்பர் உளுத்துவிடும். மேலே கீழே ஏற்றும் மரைத்தண்டையும் செயினையும் தூள் நீக்கிவிட்டு லேசாக எண்ணெய் காட்டு. இழைத்த பலகையின் இரண்டு ஓரத்தின் கனத்தையும் வெர்னியர் அளவுகோலில் அள. வித்தியாசம் வந்தால் பெட் சாய்ந்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மெஷினைத் தூசி தட்டித் துடைத்து வை, அது வருஷத்துக்கு ஒரு முழுச் சோதனை ஆகிவிடும். சந்தனம் குங்குமத்தை மூடி மேல் வை. பெட் மேல் வைத்தால் அந்த ஈரத்தில் மறுநாளே துரு வட்டம் பிடிக்கும்.

பிளேடு மழுங்கினால் பலகை மினுமினுக்கும், சில இடத்தில் பஞ்சு எழும், தள்ளி விட்டால்தான் நகரும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் மற்ற மரத்தைவிடச் சீக்கிரம் மழுங்கும். பிளேடில் சின்னப் பல் விழுந்து பலகையில் கோடு வந்தால் உடனே சாணைக்கு அனுப்ப வேண்டாம், ஒரே ஒரு பிளேடை மட்டும் இரண்டு மில்லி பக்கவாட்டில் நகர்த்தினால் கோடு மறையும். சாணை பிடித்தால் மூன்றையும் சேர்த்துப் பிடி, எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டர் அதிரும். மாட்டிய பின் போல்ட்டை ஒரேயடியாக ஒரு முனையில் இறுக்காதே. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு.

இந்த மழுங்கல் எல்லாம் ஒரு காலத்தில் எனக்குக் காதிலேயே தெரியும். தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் மெஷினின் சத்தம் மாறினால் எழுந்து ஓடி வருவேன். சுருள் அடைத்தால் ஒரு சத்தம், மரத்தில் முடிச்சு வந்தால் ஒரு சத்தம், பெல்ட் தளர்ந்தால் ஒரு சத்தம். 31 வருஷம் அதன் பக்கத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றேன். பஞ்சு எதையும் தடுக்கவில்லை. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், மூன்று டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும் என்று டாக்டர் சொன்னார். பிளேனர் 97-ஐச் சாதாரணமாகத் தொடும், அதற்கு அரை மணி நேரம்தான் கணக்கு. முதலில் போவது மெல்லிய உச்சச் சத்தங்கள். எனக்கு ‘ச’வும் ‘ஸ’வும் போய்விட்டன. யார் பேசினாலும் பேசுவது கேட்கிறது, வார்த்தை உடைந்து வருகிறது. இப்போது இழைத்த பலகையை விரலால் தடவித்தான் பிளேடின் நிலையைக் கண்டுபிடிக்கிறேன்.

உன் வீடியோவில் மெஷின் ஓடும்போது உன் காதில் ஒன்றுமில்லை. நாளைக்கே இயர் மஃப் வாங்கிவிடு. அதைப் போட்டாலும் சத்தம் மாறுவது உனக்குத் தெரியும், நான் விசாரித்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். பிளேடு செட் பண்ணும் கேஜைக் கையோடு கொண்டு வருகிறேன், அதுவரை அந்த போல்ட்டைத் தொடாதே. சேர்ந்து மாட்டுவோம். கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எங்கும் தட்டவில்லை என்று உறுதியான பிறகு, ஒதுங்கி நின்று நீயே ஸ்டார்ட் பண்ணு. இயர் மஃப் இரண்டாக வாங்கி வை. மிச்சமிருக்கிற காது எனக்கு வேண்டும், உன் பேச்சைக் கேட்பதற்கு.

அம்மா உனக்குச் சீப்புச் சீடை சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா