மார்க்கெட்டுக்குச் சக்கரப் பை: தடுப்பது நாலு சென்டிமீட்டர் விளிம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மாம்பலம், தியாகராய நகர் கடைத்தெருக்களில் வண்டி நிறுத்த இடமில்லை என்ற புகார் பண்டிகைக்குப் பண்டிகை எழுகிறது. இன்னும் கொஞ்சம் பார்க்கிங் வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்தும் விடுகிறது. அங்கே நிற்கும் ஸ்கூட்டர்களில் எத்தனையோ, நடந்தால் கால் மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய வீடுகளிலிருந்து தக்காளியும் தேங்காயும் வாங்க வந்தவை. போகும்போது நடப்பதில் யாருக்கும் சிரமமில்லை. திரும்பும்போது கையில் இருக்கும் சுமைதான் வண்டியை எடுக்க வைக்கிறது. அந்தச் சுமையை, கையால் இழுத்துப் போகும் ஒரு சக்கரப் பையில் ஏற்றிவிட்டால் வண்டி தேவையில்லை என்பதைச் சொல்லவும், அதற்கு மாநகராட்சி செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையைக் கேட்கவும்தான் இந்தக் கடிதம்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரச் சாமானைக் கூட்டிப் பாருங்கள். பெரிய வெங்காயம் 2 கிலோ, சின்ன வெங்காயம் 1, தக்காளி 2, உருளைக்கிழங்கு 1, கத்தரி, பீன்ஸ், கேரட் அரை அரை கிலோ, மூன்று தேங்காய் (உரித்த காய் ஒன்று அரை கிலோவுக்குக் குறையாது), ஒரு டஜன் வாழைப்பழம், இரண்டு கட்டுக் கீரை. காய்கறி மட்டும் 11 கிலோவைத் தொடும். கூடவே 5 கிலோ அரிசிப் பை, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் (எடையில் 910 கிராம்) சேர்ந்தால் 18 கிலோ. இதை இரண்டு கட்டைப்பையில் பிரித்தாலும் கைக்கு 9 கிலோ. காதுப்பிடி விரலை அறுக்கும், மழை வந்தால் குடை பிடிக்கக் கை இருக்காது. ஸ்கூட்டர் ஹேண்டிலில் இருபுறமும் மாட்டினால் திருப்பத்தில் பை ஆடி வண்டியை இழுக்கும்; காலடியில் வைத்தால் கால் வைக்க இடமிருக்காது. இந்த 18 கிலோவைச் சுமக்க 2 கிலோ எடையுள்ள இரண்டு சக்கரப் பை ஒன்று போதும். மாதாந்திர 25 கிலோ அரிசிச் சிப்பத்தையும் தண்ணீர் கேனையும் இதில் ஏற்ற நினைக்க வேண்டாம். அவற்றைக் கடைக்காரரே வீட்டில் இறக்கிவிடுவார்.

வாங்கப் போகிறவர்கள் பையின் நிறத்தையும் ஜிப்பையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சக்கரத்தை. நம் ஊர் நடைபாதையில் ஓட, சக்கரத்தின் விட்டம் குறைந்தது 16 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 20 இருந்தால் இன்னும் நல்லது. பயணப்பெட்டியில் இருப்பது போன்ற சின்னச் சக்கரம் விமான நிலையத் தரைக்குத்தான் சரி. காரணம் எளிய கணக்கு. சாமானும் பையும் சேர்த்து 20 கிலோ, எதிரே 2 சென்டிமீட்டர் உயர விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். நேராக இழுத்து ஏற்ற, 10 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு ஏறத்தாழ 27 கிலோ இழுவிசை வேண்டும். 16 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு 18 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 20 சென்டிமீட்டருக்கு 15. விளிம்பின் உயரம் சக்கரத்தின் ஆரத்தை எட்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் ஏறாது, தூக்கத்தான் வேண்டும்.

கடையிலேயே பையைக் கவிழ்த்து அச்சைப் பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் இணைத்து ஒரே இரும்புக் கம்பி குறுக்கே ஓட வேண்டும், கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சக்கரத்துக்கொரு குட்டைக் கம்பியை பிளாஸ்டிக் தாங்கியில் செருகியிருந்தால் வாங்காதீர்கள். சில மாதங்களிலேயே சக்கரம் உள்பக்கம் சாய்ந்து பைத்துணியை உரச ஆரம்பித்துவிடும். கடினமான வெறும் பிளாஸ்டிக் சக்கரம் சிமெண்ட் கல்லில் தடதடவென்று சத்தம் போடும், முட்டையும் தக்காளியும் அதிர்ச்சியில் நசுங்கும். நுரை சுற்றிய சக்கரம் மென்மையாக ஓடும். ஆனால் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வெயிலில் கிடந்தால் பசை விட்டு உரிந்து வரும். ரப்பர் வளையம் போட்டதே நீடித்து உழைக்கும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று சக்கரம் முக்கோணமாகச் சுழலும் வகையை மாடிப்படிக்கு என்று விற்கிறார்கள். படியின் உயரமும் முக்கோணத்தின் அளவும் பொருந்தினால்தான் அது உருண்டு ஏறும். பொருந்தாவிட்டால் படியின் முகப்பில் முட்டி நிற்கும். தரையில் அது எப்போதும் சின்னச் சக்கரத்தில்தான் ஓடுகிறது, தேயும் இடங்களும் மும்மடங்கு. ஆகவே, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்காரர்களும் பெரிய இரட்டைச் சக்கரத்தையே வாங்கி, அரிசியையும் தேங்காயையும் ஒரு நடை தனியாக மேலே கொண்டுபோய்விட்டு, மீதியைப் பையோடு ஏற்றுவதே முதுகுக்கு நல்லது.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ரயில் பயணத்துக்கு வைத்திருந்த மடக்கு டிராலி பரணில் கிடந்தால், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டை நிற்க வைத்து, பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்து, மேலும் கீழும் இரண்டு சுற்று இழுத்துக் கட்டுங்கள். நைலான் கயிறு நழுவும், ரப்பர் கவ்விப் பிடிக்கும்.

கைப்பிடியின் உயரமும் முக்கியம். சுமார் 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு, அச்சிலிருந்து கைப்பிடி வரை 95 சென்டிமீட்டர் இருந்தால், பின்னால் சாய்த்து இழுக்கும்போது கை இயல்பாகத் தொங்கும் நிலையில் இருக்கும். அதைவிடக் குட்டையானால் தோளைச் சாய்த்து நடக்க நேரும், பை குதிகாலில் இடிக்கும். அடுக்கும் முறையைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். அரிசி, பருப்பு, உருளை, தேங்காய் அடியில்; அதன் மேல் வெங்காயம், கத்தரி; பிறகு தக்காளி, பழம்; உச்சியில் கீரை. நசுங்காமல் இருப்பதற்காக மட்டும் இப்படி அடுக்கச் சொல்லவில்லை. 45 டிகிரி சாய்த்து இழுக்கும்போது, கனம் அடியில் இருந்தால் 18 கிலோவில் கைக்கு வருவது இரண்டரை கிலோ அளவுதான். அதே சாமானைத் தலைகீழாக அடுக்கினால் ஆறு கிலோவுக்கு மேல் கையில் தொங்கும். கடைக்குக் கடை வாங்கிப் போடும்போது இந்த வரிசை குலைந்துவிடும் என்பதால், மளிகையை முதலில் முடித்துவிட்டுக் கீரைக்காரரிடம் கடைசியாகப் போவது நல்லது. மீன் வாங்கினால் மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். துணியில் ஏறிய மீன் நீர் துவைத்தாலும் போகாது.

ரங்கநாதன் தெரு போன்ற நெரிசலில் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அது தெரியாது, தடுக்கி விழுவார். அங்கே பையை நிமிர்த்தி, உடம்புக்கு முன்னால் வைத்துத் தள்ள வேண்டும்.

பழுது என்று வந்தால் பெரும்பாலும் அச்சின் நுனியில்தான். சக்கரம் கழன்று வராமல் தடுக்க அங்கே ஒரு சின்னத் தகடு மூடி அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். தெருவில் கிடக்கும் தலைமுடியும் பூ கட்டிய நாரும் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் சுற்றிச் சுற்றி, திரி போல இறுகும். அது சக்கரத்தை வெளிப்பக்கம் நெருக்கி, கடைசியில் அந்த மூடியைத் தெறிக்க விடும். மூடி போனது தெரியாமல் நடந்தால் அடுத்த திருப்பத்தில் சக்கரம் தனியாக உருண்டு போகும். மாதம் ஒருமுறை பிளேடால் அந்தத் திரியை அறுத்து எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிட்டால் போதும். கிரீஸை அப்ப வேண்டாம். மணல் அதில் ஒட்டி, உப்புத்தாள் போல அச்சை அரித்துவிடும். மூடி தெறித்துவிட்டால், சைக்கிள் கடையிலோ லேத் பட்டறையிலோ அச்சின் நுனியில் சிறு துளை போட்டு, ஒரு வாஷரும், துளையில் செருகி நுனியை விரித்து மடக்கும் காட்டர் பின்னும் மாட்டச் சொல்லுங்கள். மூடியைவிட அது உறுதி, எப்போது வேண்டுமானாலும் கழற்றியும் மாட்டலாம். மழையில் நனைந்த பையை மடக்கி வைத்தால் அடித்தையல் மக்கி, ஒருநாள் தேங்காயின் கனத்தில் பிய்ந்துவிடும். பையைச் சட்டத்திலிருந்து கழற்றி, கவிழ்த்துக் காயப் போட வேண்டும்.

இதெல்லாம் வீட்டார் செய்துகொள்ளக்கூடியவை. நடைபாதையை வீட்டார் சரிசெய்ய முடியாது.

இந்திய சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாமல், நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1 என்று சொல்கிறது. அதாவது 15 சென்டிமீட்டர் இறங்க 1.8 மீட்டர் நீளம் வேண்டும். நடை, சைக்கிள் போன்ற மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாலம் லிஃப்ட், எஸ்கலேட்டர் வசதியோடு வந்தது. நல்ல வேலைகள், மனமாரப் பாராட்டுகிறோம். இந்த இடங்களை விட்டு உள்தெருவுக்குள் நுழைந்ததும்தான் சிக்கல்.

தெரு முனையில் நடைபாதை முடியும் இடத்தைக் குனிந்து பாருங்கள். சாய்தளம் இருக்கும். அதன் அடி நுனி சாலையோடு ஒட்டாமல், மூன்று, நாலு சென்டிமீட்டர் உயரத்தில் சிமெண்ட் உதடு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கும் தாருக்கும் நடுவே ஒரு பள்ளம், அதில் ஜல்லியும் தண்ணீரும். முன்பு சொன்ன கணக்கில் இந்த நாலு சென்டிமீட்டரைப் போட்டால், 16 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு 20 கிலோவை ஏற்ற 35 கிலோ இழுவிசை வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் ஒவ்வொரு தெரு முனையிலும் இதைச் செய்ய முடியாது. அடுத்த வாரம் மகனிடம் ஸ்கூட்டரை எடுக்கச் சொல்வார். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கோ அங்கேயே வழி முடிந்துவிடுகிறது.

சாலை போடும் ஒப்பந்தமும் நடைபாதை ஒப்பந்தமும் தனித்தனியாக நடப்பதுதான் இதற்குக் காரணம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. சாலை மட்டம் உயராமலிருக்க அது தேவைதான். ஆனால் சுரண்டிய இடத்தில் ஓரம் வரை தாரை நிரப்பாமல் போனால் சாய்தளத்தின் நுனி அந்தரத்தில் நிற்கும். பிறகு வரும் மழைநீர் வடிகால் வேலை அதையும் உடைத்துவிட்டுப் போகும். சாலைப் பணிக்கான பில்லைப் பாஸ் செய்யும் முன், ஒவ்வொரு சாய்தளத்தின் அடியிலும் ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உதடு இருந்தால் ஒப்பந்ததாரரே சிமெண்ட் பூசிச் சரிசெய்ய வேண்டும். ஒரு முனைக்கு ஒரு கொத்தனாரின் அரை நாள் வேலைதான் இது.

நடைபாதையில் மோட்டார் பைக் ஏறாமல் தடுக்க நடும் இரும்புத் தூண்களையும் கவனிக்க வேண்டும். சக்கரப் பையின் அகலம் 35 முதல் 40 சென்டிமீட்டர். சில இடங்களில் தூண்களின் இடைவெளியில் அது செருகிக்கொள்கிறது. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் பையும் தானாகப் போகும்.

அதுவரை விளிம்பைக் கடக்க ஒரு வழி: அதற்கு முதுகைக் காட்டி ஏறி நின்றுகொண்டு, இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் விளிம்பைத் தொடும்படி வைத்து, உங்களை நோக்கி மேல்வாட்டில் இழுங்கள். ஒரு சக்கரம் மட்டும் முதலில் மோதினால் பை முறுக்கிக்கொள்ளும், அச்சு வளையும்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். சூப்பர் மார்க்கெட் வாசலில் பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் இடத்தில், சக்கரப் பை நிற்கச் சுவரோரம் ஒரு மீட்டர் இடமும் பூட்டுச் சங்கிலி மாட்ட ஒரு கம்பியும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33.