வட்டைக்கு ஒரு வாசல் வேண்டும்: தேசிய அரசாங்கத்தின் தலைவர்களுக்குத் திறந்த மடல்

மட்டக்களப்பு,
செப்டெம்பர் 2015

மேன்மைதங்கிய சனாதிபதி அவர்களுக்கும் கௌரவ பிரதமர் அவர்களுக்கும்,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வட்டையில் (வயல்வெளியில்) வேளாண்மை செய்யும் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கடந்த மே மாதம் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அமைச்சரவையை 30 பேருக்குள் நிறுத்தியபோது நாங்கள் மனமார மகிழ்ந்தோம். தேசிய அரசாங்கம் அமைந்தால் அந்த எண்ணிக்கையைப் பாராளுமன்றமே தீர்மானிக்கலாம் என்று அதே திருத்தம் விட்ட வழியால், இம்மாதம் 3ஆம் திகதி 143 வாக்குகளுக்கு 16 என்ற கணக்கில், 48 அமைச்சர்களுக்கும் 45 இராஜாங்க, பிரதி அமைச்சர்களுக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது. இரு பெரும் கட்சிகள் பகை மறந்து கூடியதை நான் குறை கூறவில்லை. இனப்பிரச்சினை தீர அப்படியொரு கூட்டு வேண்டும் என்றே நானும் வாக்களித்தேன். ஆனால், பங்கு கொடுப்பதற்காக அமைச்சுகளின் விடயதானங்களை, அதாவது அவற்றின் பொறுப்புகளை, துண்டாடினால் அதன் சுமை எங்கள் தலையில்தான் விழுகிறது.

கடந்த பெரும்போகத்தில், அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கையில், விடியப்புறம் மூன்று யானைகள் என் வயலுக்குள் இறங்கின. பரணில் காவலிருந்தவர்கள் யானைவெடி கொளுத்தி விரட்டுவதற்குள் ஒரு ஏக்கருக்கு மேல் கதிரோடு சேற்றில் மிதிபட்டுவிட்டது. முறையிடப் போன அலுவலகத்தில் பயிரழிவு தங்கள் பொறுப்பல்ல என்றார்கள். அவர்கள் அனுப்பிய இடத்திலோ யானை தங்கள் விடயமல்ல என்றார்கள். நான்கு நாட்கள் பஸ்ஸில் அலைந்ததில் அறுவடை இயந்திரத்தின் முறையும் தவறி, எஞ்சிய நெல் மழையில் சாய்ந்தது.

இன்று நீர்ப்பாசனம் ஓர் அமைச்சிடமும், உரமானியம் விவசாய அமைச்சிடமும், நெற்கொள்வனவு கிராமியப் பொருளாதார அமைச்சிடமும், யானை வனசீவராசிகள் அமைச்சிடமும் இருக்கின்றன. போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளைக் குறித்துவிடலாம். உரம் பிந்தினால் அந்நாளில் விதைத்தும் பயனில்லை.

எங்கள் மாவட்டத்தின் ஐந்து ஆசனங்களில் மூன்றை வென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்க்கட்சியில் அமர்ந்திருக்க, மாவட்டத்துக்கு அமைச்சரவையில் இடமில்லை என்று இங்கு பலர் வருந்துகிறார்கள். எனக்கு அது பெரிதல்ல. 1965இல் டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். திருகோணமலையின் திருக்கோணேஸ்வரக் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் இடைநிறுத்த, 1968இல் அவர் பதவி விலகினார். அதிகாரமில்லாத அமைச்சு எப்படியிருக்கும் என்று எங்கள் மூத்தோர் அன்றே கண்டுவிட்டார்கள்.

ஆகவே, அமைச்சுகளின் விடயதானங்களை வர்த்தமானியில் வெளியிடும்போது நீர்ப்பாசனம், விவசாயம், நெற்கொள்வனவு ஆகிய மூன்றையும் ஒரே அமைச்சின் கீழ்க் கொண்டுவருமாறும், யானையால் அழியும் பயிருக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை எழுத்தில் குறிப்பிடுமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். மாரிமழைக்கு முன் எங்கள் வட்டையில் உழவு தொடங்கிவிடும். அதற்குள் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவன்